சின்ன மூச்சு

கட்டிலின் தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் ஓயாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சுவருக்குள் ஓடும் செப்புக் குழாயில் வருகிற பிராணவாயு எலும்பு போலக் காய்ந்தது. அப்படியே மூக்குக்குள் விட்டால் இரண்டு நாளில் உள்தோல் வெடித்துவிடும். அதனால் அது முதலில் தண்ணீரில் முங்கி, குமிழி குமிழியாக எழுந்து, கொஞ்சம் ஈரத்தை ஏற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எஸ்தெபெஸின் மூக்குக்கு வந்தது. கண்ணை மூடியிருக்கும்போது அந்தச் சத்தம் அவருக்கு ஊற்றாகக் கேட்டது. பனிக்கு அடியில் ஓடும் ஊற்று. எங்கே ஓடுகிறதென்று தெரியாது, காது வைத்தால் மட்டும் தெரியும்.

தலைநகரான பிஷ்கேக்கின் அந்த மருத்துவமனையில் அவருடைய நெஞ்செலும்பைப் பிளந்து, சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அரித்துவைத்திருந்த இதய வால்வை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை வைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. புது வால்வு உலோகம். அறை அமைதியாக இருந்தால் கைக்கடிகாரம் போல அது டிக் டிக்கென்று அடிப்பது வெளியே கேட்கும். ஊற்றும் கடிகாரமும் சேர்ந்துகொண்டால் எஸ்தெபெஸுக்குக் கண் சொக்கும். சொக்கினால் உடனே சுரங்கம் வந்துவிடும்.

அவர் கணவாய்ச் சுரங்கத்துக் காற்றாடிக்காரர். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், மலையைக் குடைந்து போகும் இரண்டரைக் கிலோமீட்டர் சாலை அது. தெற்கே போகிற லாரி எல்லாம் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே புகை தேங்கினால் ஓட்டுநர் மயங்குவான். அதனால் சுரங்க வாயில் ஒரு காற்றாடி வீடு; அதில் கூடாரம் அளவுக்குப் பெரிய காற்றாடிகள். முப்பது வருடமாக எஸ்தெபெஸ் அங்கே உட்கார்ந்து, புகை கூடினால் வேகத்தைக் கூட்டி, குறைந்தால் குறைத்து, பக்கச்சுவர்த் தட்டிகளைத் திறந்து மூடி, கண்ணில் தெரியாத காற்றை ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், சூசமிர் பள்ளத்தாக்கில். வேலைக்குப் போனாலும் வீட்டுக்குப் போனாலும் கணவாய் ஏறியே ஆக வேண்டும்.

அறுவைக்கு முன்பே டாக்டர் ஷர்ஷெனோவா அந்த அம்மாளுக்கே உரிய குரலில், ஆணி அடிக்கிற மாதிரிச் சொல்லியிருந்தார். "வால்வு என் வேலை, மாத்திடுவேன். மலை உங்க நுரையீரலோட வேலை. அது ஒத்துக்கிட்டா மேல போங்க. இல்லன்னா நகரத்துலயே இருந்துக்க வேண்டியதுதான்."

கனவில் சுரங்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குகள் வரிசையாக மஞ்சளாக எரிந்தன. வெள்ளைக் கவரிமாடுகள் வாயில் ஆவி பறக்க, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எஸ்தெபெஸ் கூடவே நடந்தார். யாரோ கீழ்வரிசைத் தட்டிகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போனார்கள். சாத்துகிற சத்தம்கூட மென்மையாக இருந்தது, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல. கீழ் விளக்குகள் அணைந்தன. பயமே வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே! தூங்கறீங்களா, கெளம்பிட்டீங்களா? பாட்டில் கொப்பளிக்குது, ஆளு அசையவே இல்ல."

பக்கத்துக் கட்டில் மாமசாலி. பத்கெனில் ஆப்ரிகாட் பழத்தோட்டம் வைத்திருப்பவர். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் வாயை யாரும் தொட்டிருக்கவில்லை.

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கேன்" என்றார் எஸ்தெபெஸ். "சுகமா இருக்கு. நீயும் சும்மா கெட. பேசப் பேச மூச்சு வீணாப் போகுது."

"மறந்துட்டேண்ணே. கணவாய்ச் சட்டம்."

கணவாய்ச் சட்டத்தை எஸ்தெபெஸ் இரண்டாம் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பனிச்சரிவில் சாலை அடைபட்டுச் சுரங்க வாயில் லாரிகள் நிற்கும்போது, சமவெளி ஓட்டுநர்களுக்குத் தலை வெடிக்கும். பயந்துபோய் வாயைப் பிளந்து காற்றை அள்ளி அள்ளி விழுங்குவார்கள். விரல் மரத்து, கண் இருட்டி, விழுந்துவிடுவார்கள். காற்றாடி வீட்டு ஆட்கள் அவர்களை உட்காரவைத்து, உப்பும் புளிப்புமான காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் திணித்து, ஒரே பாட்டைப் பாடுவார்கள்: சின்னதாக இழு, மேலாக்க இழு, உதட்டளவுக்கு மட்டும். வீரம் காட்டாதே. பேசாதே. அசையாதே. முப்பது வருடத்தில் இந்தச் சட்டம் தோற்று எஸ்தெபெஸ் பார்த்ததில்லை.

அதனால்தான், நெஞ்சைத் தைத்துக் கட்டிலில் போட்டபோது, மூச்சு முட்டுகிறது என்று தெரிந்த அந்த முதல் நொடியிலேயே, யாரும் சொல்லாமல், உடம்பு சட்டத்துக்குள் போய்விட்டது. தோள் அளவுக்கு ஒரு சின்ன மூச்சு. பிறகு இன்னொரு சின்ன மூச்சு. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆழமாக இழுத்தால் அந்தக் கம்பி ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். சின்ன மூச்சுக்கு வலியே இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விரலில் மாட்டியிருந்த கிளிப்பும் அவர் பக்கம்தான் பேசியது. பிராணவாயு ஏறிய ரத்தம் பளீர்ச் சிவப்பு, இறங்கியது கருஞ்சிவப்பு. கிளிப் விரலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகிறதென்று பார்த்து, நூற்றுக்கு எத்தனை பங்கு ஏறியிருக்கிறதென்று கணக்குச் சொல்லும். முதல் நாள் தொண்ணூற்றாறு. மறுநாள் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியபோது நர்ஸ் வந்து சுவரில் இருந்த திருகைக் கொஞ்சம் திருப்பினாள், ஏறிவிட்டது. மறுபடி இறங்கியது, மறுபடி திருப்பினாள். நான்காம் நாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கைப் போட்டார்கள். தொண்ணூற்றேழு.

"பாத்தியா?" என்று மனைவி அசில்கானிடம் மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னார். "தொண்ணூத்தேழு. கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது."

"கல்யாணத்தன்னைக்கு நீங்க மூச்சே விடல, சைகாலப்பா" என்றாள் அசில்கான். கணவன் பெயரை அவள் இருபத்தேழு வருடமாகச் சொன்னதில்லை. மூத்த மகள் சைகாலின் பெயர்தான் நடுவில் தூது போகும். "வேர்த்து ஊத்திக்கிட்டு மரம் மாதிரி நின்னீங்க. சூப்பு ஆறுது, குடிங்க."

ஐந்தாம் நாள் காலை டாக்டர் ஷர்ஷெனோவா வந்தார். எண்ணைப் பார்த்தார். முகம் மலரவில்லை. எண்ணைப் பார்க்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை எண்ணை மட்டும் பார்க்கும். இன்னொரு வகை, இந்த எண்ணை வாங்க என்ன கொடுத்தோம் என்று சுவரில் இருக்கும் திருகையும் பார்க்கும். அவர் இரண்டாம் வகை.

"மாஸ்க்கைக் கழட்டுங்க. பாப்போம்."

கழற்றினார்கள். தொண்ணூற்றேழு ஒரு நிமிடம் நின்றது. பிறகு, குழந்தை படியிறங்குவது போல ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கியது. தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்து மூன்று. எஸ்தெபெஸுக்கு எதுவும் வலிக்கவில்லை. அறையின் மூலைகள் மட்டும் மெதுவாக மங்கின. எங்கோ கவரிமாடுகளின் மணி கேட்டது.

"போடுங்க, போடுங்க" என்றார் டாக்டர். மதியம் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "மேல கருப்பா இருக்கே, அது காத்து. கீழ ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்குல்ல? அங்க காத்தே இல்ல. மூடிக்கிச்சு."

"ஏன் மூடுச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வால்வு நல்லா வேலை செய்யுது. தண்ணி கோத்துக்கல. காய்ச்சல் இல்ல. ஆனா நாளுக்கு நாள் கீழயிருந்து மூடிக்கிட்டே வருது." படத்தை இறக்கினார். "ஒண்ணு சொல்லிடறேன். பிஷ்கேக் எண்ணூறு மீட்டர். இங்கயே மாஸ்க் இல்லாம எண்பத்து மூணு. இதை வச்சுக்கிட்டு உங்க கணவாயை நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. குளிர்காலம் முழுக்கக் கீழதான். அடுத்த குளிர்காலமும் ஆகலாம்."

டாக்டர் போன பிறகு அசில்கான் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவள் தம்பி வீட்டில் தங்கியிருந்தாள், ஒன்பதாவது மாடியில்.

"அங்க ஜன்னலைத் திறந்தா இன்னொரு ஜன்னல்தான் தெரியுது" என்றாள். "அதுல ஒரு பொம்பள எந்நேரமும் துணி தேய்க்கறா. அவளப் பாத்துக்கிட்டே ரெண்டு குளிர்காலம் கெடக்கணுமா நாம?"

எஸ்தெபெஸ் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டுமென்று அவருக்குத் தெரியும். இன்னும் சின்னதாக இழுத்தார்.

மறுநாள் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, ஒரு கம்பத்தில் நிற்கும் இயந்திரம். மற்றொன்று கலிபா.

இயந்திரத்தை எஸ்தெபெஸுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அது பிராணவாயுவோடு சாதாரணக் காற்றையும் வேண்டிய அளவுக்குக் கலந்து, உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சி, ஆவி ஏற்றி, தடித்த மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் ஊதியது. சாதாரணமாக நாம் விடுகிற மூச்சின் கடைசிப் பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். அடுத்த முறை இழுக்கும்போது அந்தப் பழைய காற்றுதான் முதலில் உள்ளே போகும். இந்த ஊதலுக்கு முன்னால் அது நிற்க முடியாது, அடித்துக்கொண்டு போய்விடும். சுரங்க வாயில் தேங்கும் புகையைக் காற்றாடி தள்ளுவது அப்படியே இதுதான். தவிர, அந்த வேகமே உள்ளே மெல்லிய ஓர் அழுத்தம் கொடுத்து, சாய்கிற சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும். மூக்கில் வெதுவெதுப்பான கோடை மழை பெய்வது போலிருந்தது. எஸ்தெபெஸ் சொக்கிப்போனார்.

கலிபாவை அவருக்கு உடனே பிடிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். குள்ளம். கை சில்லென்றிருந்தது. மூச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், இரண்டு உள்ளங்கையையும் அவருடைய விலாவின் அடிப்பக்கத்தில் வைத்தாள்.

"மூச்சு விடுங்கண்ணே."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் கைகளைப் பார்த்தாள். கைகள் அசையவில்லை. "இந்தக் கீழ் வீட்டுல யாரும் குடியில்லையா?" என்றாள்.

"என்னம்மா?"

"தோள் ஏறி இறங்குது. கழுத்து நரம்பு ஆடுது. இங்க, என் கைக்கடியில, ஒரு எலிகூட அசையல. எத்தனை நாளா இப்படி மூச்சு விடறீங்க?"

எஸ்தெபெஸுக்குப் பெருமையாக இருந்தது. ஒருவழியாக ஒருத்தி கவனித்துவிட்டாள். "மொத நாள்லயிருந்து. இது தெரியாம யாரும் எங்க பக்கம் மேல வர முடியாது" என்று கணவாய்ச் சட்டத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். தயிர் உருண்டையைக்கூட விடவில்லை.

கலிபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயோ அண்ணே. அஞ்சு நாளா இதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கீங்களா?"

"நானுந்தாம்மா" என்றது பக்கத்துக் கட்டில். "அண்ணன் சொல்லிக்கொடுத்தாரு. நல்லா இருக்கு, வலியே இல்ல. எதிர் அறை கசாக்குக்காரருக்கும் நான் சொல்லிவிட்டேன்."

கலிபா நெற்றியைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "வார்டு முழுக்கக் கணவாய்ச் சட்டமா! அதான் இந்த வாரம் எல்லார் படமும் கீழ வெள்ளையா வருது, டாக்டரம்மா மருந்தைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

"சட்டத்துல என்ன தப்பு?" எஸ்தெபெஸுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் மூச்சு வேண்டும் என்பதால் அது பாதியில் நின்றது. "எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கு தெரியுமா?"

"காப்பாத்தியிருக்கும். யாரு இல்லன்னா? அந்த லாரிக்காரன் நல்ல நுரையீரல் வச்சிருக்கற பயந்தாங்கொள்ளி. அரை மணி நேரம் அவனை அடக்கி உக்கார வைக்கறதுக்குச் சட்டம் சரி. நீங்க பயந்தவரா? உங்க நெஞ்சைத் தொறந்து தச்சிருக்கு. மல்லாக்கப் படுத்திருக்கீங்க. கீழ இருக்கற சின்னச் சின்ன அறையெல்லாம் காத்து வரலன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்." அவள் கையை விரித்து மூடிக் காட்டினாள். "இதுல நாங்க பண்ணின கூத்து வேற. காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் பிராணவாயு. மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் நைட்ரஜன். அது ஒரு வேலையும் செய்யாது. ரத்தத்துக்குள்ள போகாது, அறையிலயே சும்மா உக்காந்திருக்கும். ஆனா அந்தச் சோம்பேறி உக்காந்திருக்கறதாலதான் அறை சாயாம நிக்குது."

"எங்க மாப்பிள்ள மாதிரி" என்றார் மாமசாலி.

"நாங்க பிராணவாயுவைக் கூட்டக் கூட்ட அந்தச் சோம்பேறியை வெளிய தொரத்திட்டோம். உள்ள வெறும் பிராணவாயு. ரத்தம் அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிடும். வாசல்ல சளி அடைச்சிருந்தா புதுசா ஒண்ணும் வராது. அப்புறம் அந்த அறையில என்ன மிச்சம்? சப்பையாப் போயிடும். அறை மூட மூட விரல்ல எண் இறங்கும். எண் இறங்க இறங்க நாங்க திருகைத் திருப்புவோம். எண் ஏறும். எல்லாரும் சந்தோஷம். உள்ள ஒவ்வொரு கதவா மூடிக்கிட்டே போகும்."

எஸ்தெபெஸ் கூரையைப் பார்த்தார். இயந்திரத்தின் மழை மூக்கில் பெய்துகொண்டிருந்தது. வாயில் எவ்வளவு பெரிய காற்றாடியை வைத்தாலும் கீழ்த் தட்டிகளைச் சாத்திவிட்டால் காற்று நேராக வந்து நேராகத் திரும்பிப் போய்விடும். முப்பது வருடமாக அவர் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே அதுதான். அத்தனை மென்மையாக, போர்வை போர்த்துவது போலத் தட்டிகளைச் சாத்திக்கொண்டு போன ஆளின் முகத்தை அவர் கனவில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப சாத்தினது நான்தானா?" என்றார்.

"என்னத்தண்ணே?"

"ஒண்ணுமில்ல. எப்படித் தொறக்கணும், சொல்லு."

திறப்பது சாத்துவது போல மென்மையாக இல்லை. கட்டிலை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். தலையணையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அது நெஞ்செலும்பின் இரு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு மெதுவாக, அவசரமில்லாமல், கலிபாவின் சில்லிட்ட கையைத் தேடிப் போவது போல மூச்சை அடிவரை இறக்க வேண்டும். இறக்கி, மூன்று எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து. பத்தாவது முடிந்ததும் தலையணையை இறுக்கி இருமல்.

பிடித்துவைத்திருக்கும் அந்த மூன்று எண்ணிக்கையில்தான் வேலை நடந்தது. மூச்சை இழுத்தவுடனே திறந்திருக்கும் அறைகள் முதலில் நிரம்பும். மூடிய அறைக்கு, பக்கத்து அறைச் சுவரிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே காற்று கசிந்து போய்ச் சேரக் கொஞ்ச நேரம் வேண்டும். அவசரப்பட்டு விட்டுவிட்டால் அது வாசல்வரை வந்து திரும்பிவிடும்.

முதல் மூச்சு பாதியில் மறித்தது. கம்பிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. உடம்பு, முப்பது வருடம் சொல்பேச்சுக் கேட்ட உடம்பு, முடியாது என்றது.

"ஒண்ணு" என்றாள் அசில்கான். பட்டியின் வாசலில் நின்று ஆடு எண்ணுகிற குரல் அது. விடுபட்டால் விடமாட்டாள். "அது அரைதான், சேராது. திரும்ப. ஒண்ணு."

"கொல்றாங்களே" என்று பக்கத்துக் கட்டிலில் மாமசாலி அவருடைய தலையணையை அணைத்துக்கொண்டு புலம்பினார். "அண்ணே, உங்களால பாருங்க. சுகமாக் கெடந்தேன்."

பயிற்சி தொடங்கிய இரண்டாம் நாள் மாலை, ஏழாவது மூச்சுக்குப் பிறகு, எஸ்தெபெஸ் இருமியபோது வெல்லப்பாகு போலத் தடித்த ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. அடுத்த மூச்சு அவர் கேட்காமலேயே அரைச்சாண் கீழே இறங்கியது. வீட்டில் வருடக்கணக்காகத் திறக்காத ஓர் அறைக்குள் கால் வைத்த மாதிரி இருந்தது. அங்கே குளிர்ந்தது.

கலிபா தன் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி அவர் காதில் மாட்டி, மறுமுனையை அவர் முதுகின் அடிப்பக்கத்தில் வைத்தாள். "இழுங்க. என்ன கேக்குது?"

அவர் இழுத்தார். கேட்டது. யாரோ புதுப்பனியில் நடந்து வந்தார்கள். முறுக், முறுக், முறுக்கென்று, கெட்டிப்படாத காலைப் பனியில் ஒரு தனி ஆள் பொறுமையாக நடக்கும் சத்தம். ஒட்டிக்கொண்டிருந்த அறைகள் ஒவ்வொன்றாகப் பிரியும்போது அப்படித்தான் கேட்கும் என்றாள் கலிபா. எஸ்தெபெஸ் ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அசில்கானையும் கேட்கச் சொன்னார். மாமசாலியும் கேட்டார். பிறகு மாமசாலியின் முதுகில் வைத்து மூவரும் கேட்டார்கள். எதிர் அறை கசாக்குக்காரர் என்ன சிரிப்பென்று பார்க்கத் மருந்துப் பாட்டில் தொங்கும் தன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரையும் உட்காரவைத்தார்கள்.

நாளாக நாளாக இயந்திரத்தின் எண்ணைக் குறைத்தார்கள். ஐம்பது லிட்டர் முப்பதாயிற்று. பிறகு சாதாரண மூக்குக் குழாய். பிறகு நடக்கும்போது மட்டும். இரண்டாம் வாரக் கடைசியில் எதுவும் இல்லை, வெறும் முகம். தொண்ணூற்று நான்கு. இதை வாங்க இந்தமுறை யாரும் சுவர்த் திருகைத் தொடவில்லை. டாக்டர் ஷர்ஷெனோவா எண்ணைப் பார்த்து, சுவரைப் பார்த்து, முதல் முறையாகப் புன்னகை செய்தார்.

"இது பிஷ்கேக்குக்குச் சரி" என்றார். "கணவாய்க்குச் சரியான்னு கணவாயைத்தான் கேக்கணும்."

மலைநாட்டு மருத்துவமனை என்பதால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அறுவை நடந்து இருபத்தாறாம் நாள், முற்பகலில், எஸ்தெபெஸை ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அசில்கான் சுவரோரம் முக்காலியில், கலிபா டாக்டருக்குப் பக்கத்தில். மேசைமேல் ஒரு பெரிய பை, ஊதி நின்றது. உயரத்தில் காற்றின் கலவை ஒன்றும் மாறுவதில்லை, எல்லாமே சேர்ந்து இளைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே காற்றை இளைக்கவைக்க முடியாது. அதனால் நைட்ரஜனைக் கூடுதலாகச் சேர்த்து, பிராணவாயுவை நூற்றுக்குப் பதினைந்து பங்காகக் குறைத்துவிடுவார்கள். ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. மூவாயிரத்து இருநூறு மீட்டருக்கு ஏறிவிட்டோம் என்றே நினைத்துக்கொள்ளும்.

"இருபது நிமிஷம். எண்பத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது" என்றார் டாக்டர். "போனா மேல போறது கிடையாது."

மாஸ்க்கை வைத்தார்கள். முதல் மூச்சிலேயே எஸ்தெபெஸ் வீட்டு வாசலை அடைந்துவிட்டார். வாசனை எதுவும் இல்லாத அந்தக் காற்றில் அவருக்குப் பனி மணத்தது, அடுப்புச் சாணப்புகை மணத்தது. நெற்றிப்பொட்டில் பழைய மெல்லிய இறுக்கம். ஜன்னலுக்கு வெளியே பிஷ்கேக்கின் பாப்லார் மரங்கள் நின்றன. கண்ணை மூடினால் அவை இல்லை, சரிவு இருந்தது, நீல நிழல் இருந்தது. தொண்ணூற்றொன்று. எண்பத்தொன்பது. எட்டாம் நிமிடம் எண்பத்தெட்டு. கவரிமாடுகள் வந்தன. வெதுவெதுப்பு வந்தது. அவர் கூடவே நடக்கத் தொடங்கினார். தோள்கள் தாமாகவே கொஞ்சம் ஏறின. மூச்சு தானாகவே உதட்டளவுக்குச் சுருங்கியது. எவ்வளவு சுகம்!

எண்பத்தாறு. எண்பத்து நான்கு.

கலிபா வாயைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். மேலே, சுரங்க வாயில், கலிபா இருக்கமாட்டாள். டாக்டரின் மறுகை மாஸ்க்கின் பட்டைக்குப் போனது. எண்பத்து மூன்று. அசில்கான் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கனவில் கீழ்விளக்கு ஒன்று அணைந்தது. மென்மையாக, போர்த்துவது போல.

அந்த மென்மைதான் எஸ்தெபெஸை உலுக்கியது. இவ்வளவு இதமாக இருந்தால் ஏதோ தப்பு. அவர் நின்றார். மாடுகளைப் போகவிட்டார். பிறகு, கனவு கலையாமலேயே, இல்லாத ஒரு சில்லிட்ட கையைத் தேடி மூச்சைக் கீழே, கீழே, விலாவின் அடிவரை இறக்கினார். கம்பிகள் முனகின. மூன்று எண்ணினார். விட்டார். மறுபடி இறக்கினார். அவசரப்படவில்லை, அள்ளி விழுங்கவில்லை. ஒவ்வொரு தட்டியாக, துருப்பிடித்த கீல் ஒவ்வொன்றாக.

எண்பத்து மூன்று அங்கேயே நின்றது. பிறகு எண்பத்து நான்கு. எண்பத்தாறு. எண்பத்தேழு வந்ததும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. இருபதாம் நிமிடம் வரை எழுந்திருக்கவில்லை.

மாஸ்க்கை எடுத்தார்கள். நகரத்துச் சாதாரணக் காற்று, பஸ் புகையும் வாடிய இலையும் கலந்த காற்று, பாலாடை மாதிரிக் கெட்டியாக உள்ளே வழிந்தது.

டாக்டர் ஷர்ஷெனோவா காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணரை நிமிஷம் கீழ இருந்திருக்கீங்க. சட்டப்படி பாத்தா தோத்துட்டீங்க."

அசில்கான் முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஆனா விழுந்தவன் தானா எழுந்திருக்கறதை நான் இந்த அறையில அடிக்கடி பாத்ததில்ல." பேனாவை எடுத்தார். "வீட்டுக்குப் போங்க. சூசமிர் ரெண்டாயிரத்து இருநூறுதான், தாங்கும். கணவாயைத் தாண்டறப்போ வண்டியில சிலிண்டர் இருக்கணும், மூக்குல குழாய் இருக்கணும், வண்டிக்குள்ள எவனும் சிகரெட் பத்த வைக்கக் கூடாது. எங்கயும் நிக்கக் கூடாது. காத்தாடி வீடு கிடையாது. எட்டு மணி நேரம் அந்த ஒசரத்துல உக்காந்து, அரைத் தூக்கத்துல பழைய மூச்சுக்குப் போயிட்டீங்கன்னா உங்களை எழுப்ப ஆள் இல்ல. ஏப்ரல்ல வாங்க, திரும்பப் பாப்போம்."

"டாக்டரம்மா, குளிர்காலத்துலதான் அங்க வேலையே..."

"ஏப்ரல்."

"வீடு போதும்" என்றாள் அசில்கான். அவள் ஏற்கனவே தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "டேய், புதன்கிழமை வண்டி வேணும். ஆமா, மேலதான். கேட்டுக்கோ, ஆறு மணி நேரம் உனக்கு சிகரெட் கெடையாது. அழாத. சூயிங்கம் வாங்கித் தர்றேன்."

மாலையில் எஸ்தெபெஸ் காற்றாடி வீட்டுக்குப் போன் செய்தார். அவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை பார்த்த மெதெர் எடுத்தான். பின்னால் காற்றாடிகள் உறுமுவது கேட்டது.

"அண்ணே! எப்ப வர்றீங்க? உங்க நாற்காலியைத் தொடச்சு வச்சிருக்கேன்."

"நீயே உக்காந்துக்க. ஏப்ரல் வரைக்கும் எனக்கு அனுமதி இல்ல. புதன்கிழமை வீட்டுக்குப் போறேன், அவ்வளவுதான்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி, வீட்டுக்கு இந்தப் பக்கமாத்தானே போவீங்க? டீ போட்டு வைக்கறேன். அஞ்சு நிமிஷம்."

"நிக்கக் கூடாதாம்."

"வாசல்லகூடவா?"

"வாசல்லகூட." எஸ்தெபெஸ் மூச்சை அடிவரை இழுத்து, பிடித்து, விட்டார். "மெதெர், மூணாம் எண் காத்தாடி சத்தம் கேக்குது. பெல்ட்டு தளர்ந்திருக்கு, பாரு. புதன்கிழமை ரெண்டு மணி வாக்குல மச்சான் வண்டி வரும், பச்சை நிறம். நீளமா ஹார்ன் அடிக்கச் சொல்றேன். ஜன்னல்ல வந்து நில்லு."